வாடகைக்கு விட ஒரு ஃபிளாட்: பேங்க் தராத பணத்தை எப்படிப் புரட்டினோம்

சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் வாடகைக்கு விடுவதற்கென்றே பழைய ஃபிளாட் ஒன்றை 40 லட்சத்துக்கு வாங்கினோம். நானும் மனைவியும் சம்பளக்காரர்கள், பரம்பரைச் சொத்து எதுவும் கிடையாது. எங்களைப் போல முதல் முறை வாங்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது, "எந்த பேங்கில் வட்டி கம்மி?" என்றுதான். பேங்க் தராத பணம் எவ்வளவு, அதற்கு என்ன வழி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். இது உச்சவரம்பு மட்டுமே. எங்களுக்கு 80தான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் பேசி முடித்த விலையில் அல்ல. மதிப்பீட்டாளர் வந்து யுடிஎஸ் (மனையில் அந்த ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, கட்டடத்துக்கு எத்தனை வயது என்று பார்த்து 35 லட்சம் என்று எழுதினார். ஆக, கடன் 28 லட்சம். மீதி 12 லட்சம் எங்கள் பொறுப்பு. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 3.6 லட்சம். இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். பத்திரங்களைப் பார்த்து வக்கீல் தரும் லீகல் ஒப்பீனியன், புராசஸிங் கட்டணம், புரோக்கர் கமிஷன் எல்லாம் தனி.

தேவைப்பட்டதில் பாதிக்கு மேல் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து எடுத்தோம். பதிவு பெற்ற சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது; அதை ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி, எடுத்தோம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவர் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் என்பதால், அதையும் கணக்கில் வைத்துத்தான் எவ்வளவு தள்ளலாம் என்று முடிவெடுத்தோம். மிச்சத்துக்கு நகைக்கடன். பர்சனல் லோன் தருகிறேன் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டார், வேண்டாம் என்றோம். அதன் மாதத் தவணையைச் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் பேங்க் நம் தகுதியைப் பார்க்கும். வீட்டுக் கடனே குறைந்துவிடும். எங்கள் நகைக்கடனுக்கு மாதத் தவணை இல்லை.

பணம் தயாரான பிறகு சிக்கல் பத்திரத்தில் வந்தது. சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் 30 வருட வில்லங்கச் சான்றில், விற்பவர் முன்பு இதே வீட்டின் மேல் வாங்கிய கடன் பதிவாகியிருந்தது. கடனை அடைத்து, பேங்க் கொடுத்த கடிதத்தையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் கடன் அடைந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. கடிதத்தைப் பேங்க் வக்கீல் ஏற்கவில்லை; அந்த என்ட்ரிக்கு எதிரே ரசீது ஏறினால்தான் ஒப்பீனியன் தருவேன் என்றார். விற்பவர் பழைய கிளைக்கு அலைந்து அதிகாரியைக் கூட்டி வந்து பதிவு செய்யும் வரை எல்லாம் நின்றது. அதனால் சொல்கிறேன், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வில்லங்கச் சான்றை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவன்று பேங்க் ஆள் காசோலையோடு வந்தார். கையெழுத்து முடிந்ததும் அது விற்பவரிடம் போனது. ஒரிஜினல் பத்திரங்கள் பேங்குக்கு. அதற்கான அடமானப் பதிவும் ஒரு செலவு.

சரி, வாடகை? 28 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 வருடம் என்றால் தவணை 24,300 ரூபாய் வருகிறது. வாடகை 13,000. மீதி 11,300 மாதாமாதம் சம்பளத்திலிருந்து போகிறது. "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். இந்த இடைவெளியைச் சில வருடம் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள்.

வரியிலும் ஒன்று கவனியுங்கள். வாடகையைவிட வட்டி அதிகமாகி வரும் நஷ்டத்தை, பழைய வரிமுறையில் வருடம் 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழிக்கலாம். புதிய முறையில் முடியாது. எங்களுக்கு எது லாபம் என்று ஒவ்வொரு வருடமும் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். நகையை முதலில் மீட்டோம். அப்புறம் வரும் போனஸெல்லாம் அசலுக்குத்தான். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.