அப்பா அறுத்த ஷீட்டு

மும்பை தாராவியில எங்க வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான், அப்பா ரம்பத்தால அறுக்கும்போது பறக்கிற வெள்ளைத் தூசிய நாங்க கையால தட்டி விளையாடுவோம், எவ்வளவு மூச்சுல போச்சுன்னு இப்ப யாரு சொல்ல முடியும்?

அதக் கணிக்கத்தான் ஆய்வாளருங்க ஒரு வழி வச்சிருக்காங்க. சுவர் இணைப்புல பூசி தேய்க்கிற ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பூச்சுக்கு அமெரிக்கால 1977ல தடை வந்துச்சு, பழைய சரக்கு கிடைக்காததால பழைய ஃபார்முலாவ வச்சு அதே மாதிரி மறுபடி செஞ்சு, மூடுன ரூம்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, காத்துல எத்தன ஆஸ்பெஸ்டாஸ் நார் பறக்குதுன்னு மைக்ராஸ்கோப்ல எண்ணுறாங்க. அந்த நார் மூச்சுல போயி நுரையீரல் நோய் வர 20, 40 வருஷம்கூட ஆகும்ங்கறதால இந்தக் கணக்கு முக்கியம், ஆனா ஆய்வுக்குக் காசு யாரு குடுத்தாங்கன்னும் பாக்கணும்.

இங்க ஷீட்டு இன்னும் கடையிலயே கிடைக்குது. அறுக்கிறவங்க தண்ணி தெளிச்சாவது அறுங்கண்ணே.