லயத்து முனை லைட்டு

எங்க லயத்து (இலங்கையில தோட்டத் தொழிலாளருங்க இருக்குற வரிசை வீடு) முனையில லைட்டு எரியாம 3 மாசம். பல்பு வெல ஒண்ணும் பெரிசில்ல. ஆனா யாரு வாங்குறது? நான் போட்டா 12 காம்பராவுக்கும் (லயத்து வீட்டுக்கும்) வெளிச்சம். "காசு தரல, இதுல நடக்காத"ன்னு ஒருத்தர மறிக்க ஏலாது. அதனால எல்லாரும் அடுத்த வீட்டப் பாத்துக்கிட்டு போன் டார்ச்சுல நடக்குறோம் (நானுந்தான்).

பொதுப்பண்டம்னு ஏ.எல். (உயர்தர) கிளாஸ்ல படிச்சது இதுதான். சந்தைய நம்பினா இது சரியா கெடைக்காதுன்னு பொருளியலாளர் சாமுவேல்சன் 1954லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு. அரசாங்கந்தான் செய்யணும். எங்களுக்கு அதுலயும் ஒரு தடை: ஊர் வேலையப் பாக்குற பிரதேச சபைக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்துல இருந்த 33ஆம் பிரிவு. தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க அது விடல. 2018லதான் திருத்துனாங்க. அந்த 31 வருசமும் ஓட்டுக் கேக்க மட்டும் ரோட்டு தெரிஞ்சிச்சு.

பீலித் தண்ணி (மேலருந்து குழாய் வழியா விழுற தண்ணி) கதை வேற. மேல மரக்கறித் தோட்டம். மழை பேஞ்ச மறுநாள் குடத்தடியில ஒரு விரக்கடை செம்மண்ணு. அடிச்ச மருந்தும் அதோட வராம எங்க போகும்? அங்க வெளயுற லீக்ஸோட வெலயில இந்தச் செலவு இல்ல. வாங்குறவருக்கும் தெரியாது, விக்கிறவரும் கட்டல. இப்பிடிப்பட்டதுக்கு வரி போடணும்னு பொருளியலாளர் பிகூ 1920ல எழுதுனாரு.

அம்மா பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சு குடத்து வாயில கட்டித்தான் தண்ணி புடிக்கிறாங்க.