டேக் தானே

"டேக் மட்டும்தானே அண்ணே, கண்ணை மூடிக்கிறேன்" என்றான் ஹெல்பர். "சரி, பிடி" என்றேன். அந்தச் "சரி"தான் இன்னும் உறுத்துகிறது.

டேக் என்றால் முழுசாக வெல்டிங் செய்வதற்கு முன், துண்டுகள் நகராமல் இருக்க ஆங்காங்கே வைக்கும் சின்னப் பற்று. அதுவரை துண்டை ஹெல்பர் கையால் பிடித்திருக்க வேண்டும். ஒரு டேக்குக்கு 2 விநாடி. மூலைகள், குறுக்குக் கம்பிகள் என்று அந்த இரும்புச் சட்டத்துக்கு 30 டேக். ஆக, ஒரு நிமிட ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி. 3.15 மி.மீ. ராடு, 110 ஆம்பியர். அவன் முகம் அரை மீட்டர்கூடத் தள்ளி இல்லை. ஆர்க்கின் புற ஊதாக் கதிரில் கண்ணை அதிகம் தாக்குவது 270 நானோமீட்டர் அலைநீளம். அதில் எட்டு மணி நேரத்துக்கான பாதுகாப்பு வரம்பே சதுர மீட்டருக்கு 30 ஜூல்தான். திறந்த ஆர்க் அவ்வளவு கிட்டத்தில் அதைச் சில விநாடிகளில் தாண்டிவிடும். காலையில் பட்டதும் மாலையில் பட்டதும் ஒரே கணக்கில்தான் ஏறும். "டேக் தானே" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கண்ணை மூடினால் இமை தடுக்கும், உண்மைதான். ஆனால் மூடிய கண்ணோடு மட்டம் பார்க்க முடியுமா? துண்டு நகர்ந்ததா என்று அவன் திறந்து பார்ப்பான், அதே நொடியில் ராடு தட்டும். ஒளி பட்ட பிறகுதான் இமை மூடும். தலையைத் திருப்பிக்கொண்டாலும் பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பும் கதிர் பக்கவாட்டில் வரும்.

பட்டவுடன் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றுகிறது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, தூங்கப்போகும் நேரத்தில், கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல உறுத்தும். தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேற்பரப்புச் செல்கள் செத்து உதிர்வதால் வரும் வலி அது. பொதுவாக இரண்டு நாளில் ஆறிவிடும். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மட்டும் தானாக வாங்கி விட்டுக்கொள்ளக் கூடாது. வலி போகும், புண் ஆறாது.

மறுநாள் அவன் கழுத்துக்குக் கீழே, மேல் பட்டன் திறந்திருந்த இடம் முக்கோணமாகச் சிவந்திருந்தது. அதுவரை கண்ணைப் பற்றி மட்டுமே பேசியிருந்தோம். வெல்டிங்கின் புற ஊதாக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. இது தெரிந்தும்தான் "பிடி" என்று சொல்லியிருக்கிறேன்.

என்ன செய்திருக்க முடியும் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இருந்தது ஒரே ஹெல்மெட், ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) 11. கையில் பிடிக்கும் முக ஷீல்டு கொடுத்தாலும் பயனில்லை, அவனுடைய இரண்டு கையும் துண்டில். பக்கம் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி, நிறமே இல்லாதது, புற ஊதாவில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கும். ஆர்க்கை நேராகப் பார்க்க அது போதாது, பக்கத்தில் நிற்பவனுக்கு நல்ல காப்பு. கழுத்துக்கு, சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருந்தாலே போதும்.

அதைவிட, அவன் பிடித்திருக்கவே வேண்டியதில்லை. துண்டுகளை மூலையில் சேர்த்துப் பிடிக்கும் மூலைக்காந்தம் இரண்டு பெட்டியில் கிடந்தன. காந்தம் பக்கத்தில் இருந்தால் ஆர்க் இழுத்துக்கொண்டு ஓடும், டேக் தப்பி விழும், அதனால்தான் எடுக்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். டிசி மெஷினுக்கு அது சரி. அன்று ஓடியது ஏசி மின்சாரம் தரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட். ஏசியில் ஆர்க் அவ்வளவாக இழுக்காது.