ஆளுக்கு 24 படம்

சின்னவன் எடுத்த முதல் அறுபது படங்களில் பாதிக்கு மேல் அவனுடைய கட்டைவிரல்தான். ஓரத்தில் கொஞ்சம் தேயிலைச் செடி தெரியும், சிலதில் அதுவும் இல்லை, விரல் மட்டும். அழித்துவிடலாம் என்று போனை வாங்கினேன், விடவில்லை. "இது வெயில்ல எடுத்தது மாமா, இது வீட்டுக்குள்ள எடுத்தது" என்று பிரித்துப் பிரித்துச் சொன்னான். பார்த்தால் உண்மைதான், வெயிலில் எடுத்த விரல் உள்ளே விளக்கு வைத்த மாதிரிச் சிவந்திருந்தது, காம்பராவுக்குள் எடுத்தது வெறும் கறுப்பு. வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்த முதல் பாடம் அப்படியே போய்விட்டது.

அக்காவும் அத்தானும் கொழும்பில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. ஏப்ரல் லீவு விட்டதும் "இதுகளை எங்கயாச்சும் கூட்டிக்கிட்டுப் போடா, வீட்டுல இருந்தா போனைத்தான் பாக்குதுக" என்று அம்மா சொன்னார். சரி, பார்க்கிற போனாலேயே எதையாவது செய்ய வைப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். என் பழைய போன் ஒன்று, கட்டாரிலிருந்து தம்பி கொண்டு வந்த சின்னக் கெமரா ஒன்று, என்னுடையது ஒன்று. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற ஒருவருக்கு லைட் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் சுற்றியவன் நான், அந்தத் தைரியமும் இருந்தது.

முதல் நாள் முழுத் தோல்வி. படத்தை மூன்று பாகமாகப் பிரி, முக்கியமானதை நடுவில் வைக்காதே, கோடு கோணாமல் பிடி என்று கட்டளைகளாகவே போட்டுத் தள்ளினேன். மூத்தவள் பத்து நிமிடம் கேட்டாள், அப்புறம் தண்ணிக் கான் ஓரமாக உட்கார்ந்து அட்டைப்பூச்சி தேட ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் பட்டனை அழுத்திப் பிடித்தபடி நடந்து வந்திருக்கிறான், வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் காலும் ரோடுமாக நானூற்றுச் சொச்சம் படம், போனில் இடம் இல்லை.

மறுநாள் எதையும் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனோம். "மூணு பேரும் இந்தப் பீலியைத்தான் எடுக்கணும், வேற ஒண்ணும் எடுக்கக் கூடாது, ராத்திரிக்குப் பார்ப்போம்." அவ்வளவுதான். நான் வழக்கம் போல நின்று, தண்ணீர் விழுகிற இடம், பின்னால் மலை, கொஞ்சம் வானம் என்று ஒரு காலண்டர் படம் எடுத்தேன். மூத்தவள் பீலிக்குக் கீழே கல்லில் ஒட்டியிருந்த சவர்க்காரத் துண்டை எடுத்திருந்தாள். சின்னவன் குனிந்து துணி கும்மிக்கொண்டிருந்த ஒரு சித்தியின் முழங்காலையும் வாளியையும் எடுத்திருந்தான், மேலே தலை இல்லை. தலை எங்கே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அப்புறம்தான் நினைத்தேன், அவன் உயரமே மூன்றடிதான், அவன் கண்ணுக்கு நேரே இருப்பது முழங்காலும் வாளியும்தானே. அன்றிலிருந்து நானும் முட்டி போட்டு எடுக்கிறேன். முட்டி வலிக்கிறது, ஆனால் மூன்றடி உயரத்திலிருந்து பார்த்தால் தேயிலைச் செடி காடு மாதிரித் தெரியும், பெரியவர்கள் யாருமே அப்படி எடுப்பதில்லை.

ராத்திரி இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பாய் போட்டு மூன்று படத்தையும் வரிசையாகப் பார்ப்பது எங்கள் பழக்கமாகிவிட்டது. எது நல்லது என்று நான் சொல்வதில்லை. "இதுல என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்பேன். இந்தக் கேள்வி ஒன்று போதும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் பதில் சொல்லும்போது அதுகளே கண்டுபிடிக்கும், இங்கே கறுப்பாயிருச்சு, இது ஆடிருச்சு, இலை கலங்கிப் போச்சு என்று. இலை கலங்குவதற்குக் காரணம் போனை அதன் மேலேயே ஒட்டிவைப்பது. லென்ஸுக்கு ஓர் அளவுக்கு மேல் கிட்டே இருப்பது தெரியாது. நான் சென்டிமீட்டர் கணக்கெல்லாம் சொல்லவில்லை, உன் கையால் ஒரு சாண் தள்ளி நில் என்றேன். இப்போது இரண்டும் எதை எடுக்கப் போனாலும் முதலில் சாண் போடுகிறது. கோழியைக்கூட.

வெளிச்சத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த லீவிலேயே பெரிய கூத்து அதுதான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள் நிறைய. வெயில் நேரத்தில் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் விழுவது வட்டம்தான், ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26ஆம் திகதி சூரிய கிரகணத்தன்று இதே இஸ்தோப்பில் அந்த வட்டமெல்லாம் பிறை பிறையாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன், மூத்தவள் அப்போது கைக்குழந்தை. இதைச் சொன்னேன், நம்பவில்லை. சரி, காட்டுகிறேன் என்று முன் காம்பரா ஜன்னலை பிஸ்கட் பெட்டி அட்டையால் அடைத்து, கதவிடுக்கில் சாக்குத் திணித்து, அட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டேன். எதிரே ஒரு மீட்டர் தள்ளி அம்மாவின் வெள்ளைச் சேலை. இதைப் பத்து மணி வெயிலில்தான் செய்ய வேண்டும், மத்தியானம் தாண்டினால் எங்கள் பக்கம் மிஸ்ட் இறங்கிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

முதலில் ஒன்றும் தெரியவில்லைதான். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும், அதற்குள் சின்னவன் மூன்று தடவை வெளியே போகக் கேட்டான். பிறகு மெதுவாகச் சேலையில் ஒரு நீலம் வந்தது, கீழே. மேலே பச்சை. எதிர் லயத்துக் கூரை, கொடியில் காய்ந்த துணி, எல்லாம் தலைகீழ், எல்லாம் கலரில். துணி காற்றில் ஆடிய ஆட்டம்கூடத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ விறகுக்கட்டோடு போனார்கள், கூரையில் கால் வைத்து நடக்கிற மாதிரி. இரண்டு பிள்ளைகளும் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார். வந்தவர் கதவைத் திறந்துவிட்டார், படம் போய்விட்டது. அவருக்காக இன்னொரு தடவை செய்தோம். ஏன் தலைகீழ் என்றால் வெளிச்சம் வளையாது, நேராகத்தான் வரும், மேலேயிருந்து ஓட்டைக்குள் நுழைவது கீழேதானே போய் விழும். மூத்தவள் ஒரு கம்பை ஓட்டையில் விட்டு மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, தானே புரிந்துகொண்டாள். நாங்கள் குந்தியிருந்தது ஒரு கெமராவுக்குள் என்று சொன்னதும் சின்னவன் கேட்டான், "அப்ப பட்டன் எங்க மாமா?"

மிஸ்ட் பற்றி ஒரு வார்த்தை, மலையகத்தில் படம் எடுப்பவர்களுக்கு இது தேவைப்படும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற மிஸ்ட் படத்தில் அழுக்குத் தண்ணி மாதிரி வரும். கெமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டு வரப் பார்க்கும், அதன் புத்தி அவ்வளவுதான். போனில் திரையைத் தொட்டால் ஒரு சூரியன் அடையாளம் வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் வெள்ளை வெள்ளையாகும். "சூரியனை ஏத்து" என்று மூத்தவள் தம்பிக்குக் கத்துவாள். அப்புறம் லென்ஸைத் துடைப்பது. ரொட்டி தின்ற கையால் தொட்ட லென்ஸில் எடுத்தால் எங்கேயும் மிஸ்ட்தான்.

நானூறு படச் சங்கதிக்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன், ஆளுக்கு ஒரு நாளைக்கு 24 படம். பிலிம் ரோல் காலத்தில் அவ்வளவுதான் இருக்கும், இல்லாவிட்டால் 36. எனக்கும் இதே சட்டம் என்று மூத்தவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எண்ணிக்கை வந்த பிறகு நடை மாறிவிட்டது. எடுக்கும் முன் நிற்கிறார்கள், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்கிறார்கள், சில நேரம் எடுக்காமலே வந்துவிடுகிறார்கள். சின்னவன் மட்டும் காலை ஏழு மணிக்கே பதினெட்டை முடித்துவிட்டு மீதி நாள் முழுக்க என்னிடம் கடன் கேட்பான்.

ஒரு நாள் பஸ் ஏறிப் பொகவந்தலாவை போனோம். அங்கே சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது, எங்கள் ஊர்ப் பக்கத்தில் பல பேருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் பேர் போன புகைப்படக்காரி. 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கெமரா வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தார், 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பிள்ளைகளுக்குக் கேமரன் என்ற பேர் கெமரா என்றுதான் கேட்டது, அதனால் அவர் கெமராப் பாட்டி ஆகிவிட்டார். அவர் காலத்தில் படம் எடுக்க நிமிடக் கணக்கில் ஆடாமல் இருக்க வேண்டும் என்றேன். உடனே கல்லறைப் பக்கத்துப் புல்லில் ஆடாமல் இருக்கும் போட்டி. சின்னவன் இருபது வரை எண்ணுவதற்குள் மூக்கைச் சொறிந்தான். கெமராப் பாட்டியின் படங்கள் கலங்கல் என்று அந்தக் காலத்தில் திட்டினார்கள், எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டாராம். இதைக் கேட்ட சின்னவனுக்கு ஒரே சந்தோஷம்.

நான் அவர்களிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. கேமரன் இங்கே எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருக்கிற நம் ஆட்கள் அநேகம் பேருக்குப் பெயர் எழுதவில்லை. இளம் பெண், சிலோன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த தபால் அட்டைகளிலும் கூடையோடு சிரிக்கிற பெண்களுக்குப் பெயர் கிடையாது. இப்போதும் வான் நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள், மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமலே எடுத்துவிட்டு ஏறிப் போவார்கள்.

அதனால் ஆளை எடுப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது சட்டம். மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு உட்கார்ந்திருந்த, கீழே பணிய லயத்துப் பாட்டியிடம் மூத்தவள் போய் "எடுக்கவா பாட்டி?" என்று கேட்டாள். இடுப்பில் படங்கு, தலையில் கொங்காணி, முகமெல்லாம் வேர்வை. நான் நினைத்தேன், இதுதான் படம் என்று. பாட்டி மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "இந்தக் கோலத்துல வேணாம் பாப்பா. ஞாயித்துக்கிழமை வா, சேலை கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

எனக்கு முதலில் ஏமாற்றம்தான், பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாயியின் படத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவருக்கு இருப்பது அந்த ஒரே படம், தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு விண்ணப்பப் பாரத்தில் ஒட்டுவதற்காக ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்தது. நாடற்றிருந்த எங்கள் தோட்டத்து ஆட்களில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுப்பது, மூன்று லட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த கணக்கில் அப்பாயி இங்கே விழுந்தார், அவருடைய அக்கா அந்தப் பக்கம் போனார். அக்காவின் படமும் அதே நாள் அதே ஸ்டூடியோவில் எடுத்ததாம், எங்களிடம் இல்லை. அந்தப் படத்தில் அப்பாயி கட்டியிருப்பது இரவல் சேலை என்று அப்பா சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பாட்டி மெரூன் கலர்ச் சேலை கட்டி, திருநீறு பூசி, வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, எங்களைக் கண்டதும் கதிரையைத் தள்ளிவிட்டு நேராக நின்றார், ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரி, கை இரண்டும் பக்கத்தில். வெயில் நேரே முகத்தில் அடித்தது. மூத்தவள்தான் "நிழலுக்கு வாங்க பாட்டி, கண்ணு கூசுதுல்ல" என்று கையைப் பிடித்து இஸ்தோப்பு ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எத்தனை எடுப்ப?" என்று பாட்டி கேட்டார்.

"எனக்கு இன்னும் 19 இருக்கு பாட்டி."

அப்படியா என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார், தாத்தா வந்தார், மருமகள் வந்தார், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், பக்கத்துக் காம்பராவிலிருந்தும் இரண்டு பேர். தாத்தா போய்ச் சட்டை மாற்றி வந்தார். ஒவ்வொருவரும் தனியாக, அப்புறம் சேர்ந்து, அப்புறம் பாட்டியும் தாத்தாவும் மட்டும். மூத்தவள் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள், படத்தைக் கழுவிக் கொடுக்கும்போது பின்னால் எழுத வேண்டுமாம். சாயத்தண்ணி வந்தது, மாரி பிஸ்கட் வந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் சின்னவன் கோடிப்பக்கம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தான். அவன் 24 எப்போதோ முடிந்துவிட்டது. அக்காவிடம் கேட்டான், அவளுடையதும் முடிந்துவிட்டது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். என்னிடம் ஒன்று பாக்கி இருந்தது, கொடுத்துவிட்டேன்.

முட்டி போட்டான், சாண் போட்டான், மூச்சைப் பிடித்தான், அமுக்கினான். ஆடு தலையைத் திருப்பிவிட்டது.