கண்ட சாபுவில் 20 கிலோமீட்டர்

ஞாயிறு அதிகாலை 4.40 மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் கிளம்பினேன். அடையாறு திரு.வி.க. பாலம், சாந்தோம், காமராஜர் சாலை வழியாக உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பினேன். என் கடிகாரக் கணக்கில் 20 கிலோமீட்டர், 2 மணி 14 நிமிடம். எட்டு மாதங்களாக 14 கிலோமீட்டர் தாண்டினாலே முனக ஆரம்பிக்கும் வலது முட்டி அன்று வாயே திறக்கவில்லை. வீட்டுப் படிகளில் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் ஏறாமல் நேராக ஏறினேன். அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். காரணம் கண்ட சாபு என்ற ஐந்து எண்ணிக்கைத் தாளம் என்று அடித்துச் சொல்வேன்.

மூன்று அடிக்கு உள்மூச்சு, இரண்டு அடிக்கு வெளிமூச்சு என்ற கணக்கு நீண்ட தூரம் ஓடுபவர்கள் பலருக்கும் தெரியும். ஒற்றைப்படை எண் என்பதால் வெளிமூச்சு தொடங்கும் அடி இடம், வலம் என்று மாறி மாறி விழும். நான் பல ஆண்டுகளாக நாலுக்கு நாலு என்று ஆதி தாளத்தில் மூச்சு விட்டு ஓடியவள். தாளத்தின் முதல் அடியான சமம் ஒவ்வொரு முறையும், முட்டி முனகும் அதே வலது காலிலேயே விழுந்துகொண்டிருந்தது. எட்டு அட்சரத்தில், அதாவது எட்டு எண்ணிக்கையில், ஓடினால் வேறு எப்படி விழும்? இந்த எளிய கணக்கு பத்து வருடம் பாட்டுக் கற்ற எனக்கு உறைக்க இத்தனை காலம் ஆனது.

சரி, ஐந்து என்றால் கண்டம். தக தகிட. அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடினால் போதும் என்று ஜூன் மாதம் ஆரம்பித்தேன். மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. இரண்டு வாரம் இப்படியே போனது. சித்தியிடம் சொன்னேன். அவர் வாய்ப்பாட்டு ஆசிரியை. வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர்.

"எங்கே, மூச்சோடு சொல்லிக் காட்டு" என்றார்.

'தக'வில் இழுத்து, 'தகிட'வில் விட்டுக் காட்டினேன்.

"இரண்டு அட்சரத்தில் வாங்கி மூன்று அட்சரத்துக்குச் செலவழிக்கிறாயே, கட்டுப்படி ஆகுமா? சமத்தில் விடு. தகிடவில் நிதானமாக இழு."

அவ்வளவுதான். சமத்தில் பிறப்பது உள்மூச்சு என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். பாடும்போது மூச்சை எடுத்துக்கொண்டுதானே பாட்டு தொடங்கும் எடுப்புக்கு வருவோம், அந்தப் பழக்கம். மறுநாள் மாற்றி ஓடினேன். 'தக' என்று வெளியே, 'தகிட' என்று உள்ளே. ஆறு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

ஆனால் மனதுக்குள் சொல்லும் ஜதி நிலைக்கவில்லை. ஒரு நாய் குரைத்தால் போதும், காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், எகிறிவிடும். காதில் ஏதாவது ஒலிக்க வேண்டும். இங்கேதான் ஆடி மாதம் முழுவதையும் செலவழித்தேன்.

முதலில் கச்சேரி ஒலிப்பதிவுகளை முயன்றேன். நல்ல வித்வான்களின் காலப்பிரமாணம் நமக்கு இரும்பு போலத் தோன்றும். சீராகத் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பார்த்தால் கற்பனை ஸ்வரம் சூடு பிடிக்கும் இடத்தில் கொஞ்சம் முன்னே போகிறது. கச்சேரிக்கு அதுதான் உயிர். என் காலுக்கு அது ஆகாது. என் கால் நிமிடத்துக்கு 170 அடியில்தான் சுகமாக இருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வீரர்களின் அடிகளை எண்ணி 180 என்ற எண்ணை உலகத்துக்குக் கொடுத்தார். அவர் எண்ணியது ஒலிம்பிக் வேகத்தில் ஓடியவர்களை. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி எடுக்கும் நான் 180க்கு ஆசைப்பட்டுக் கெண்டைக்காலைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகு, 160இல் இருந்த ஒரு கண்ட சாபு பதிவைக் கணினியில் 170க்கு ஏற்றினேன். வேகத்தை ஆறு சதவீதம் கூட்டினால் சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்; ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதி ஆடாசிட்டி மென்பொருளில் இருக்கிறது, இலவசம். குரல் ஓரளவு தப்பியது. மிருதங்கம்தான் தாங்கவில்லை. அதன் வலது முகமான வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடியும் மெல்லிய எதிரொலியோடு இரட்டித்துக் கேட்டது. கால் எந்த அடியை நம்பும்?

எனவே நானே சொற்கட்டைச் சொல்லிப் பதிவு செய்வது என்று இறங்கினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பீரோவைத் திறந்து, மடித்த பருத்திப் புடவைகளுக்கு நடுவே போனை வைத்தேன். சுருதிப்பெட்டி இரண்டடி தள்ளி. முதல் பதிவு கை வேகத்தில். தொடங்கும்போது 170, முடிக்கும்போது 174. இரண்டாவது, ஒரு காதில் மெட்ரோனோமுடன். அது நின்றது. 170ஐ ஐந்தால் வகுத்தால் மிச்சமில்லாமல் 34 ஆவர்த்தனம், அதாவது 34 தாளச் சுற்று. சரியாக ஒரு நிமிடம். இதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும் என்று குதித்தேன்.

ஓடியபோது ஒவ்வொரு நிமிடமும் ஏதோ ஓர் இடத்தில் கால் தயங்கியது. சாலைப் பள்ளம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அதே. வீட்டில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் காதில் ஹெட்போனை அழுத்திக் கேட்டபோதுதான் புரிந்தது. 34ஆவது ஆவர்த்தனம் முடிந்து மறுபடி சமம் வரும் முன் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு மௌனம். எம்பி3 கோப்பாக மாற்றும்போது முன்னாலும் பின்னாலும் சிறிது வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பாட்டுக்கு அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓர் அடிக்கு 0.35 நொடி என்று ஓடும் காலுக்கு அது போதும், தடுமாற. வேவ் கோப்பாகச் சேமித்து, 34 ஆவர்த்தனத்தை இருபது முறை ஒட்டி, ஒரே நீளக் கோப்பாக்கினேன். அந்தத் தயக்கம் போயே போய்விட்டது! இந்த ஒரு வேலைக்காக எனக்கு யாராவது பொன்னாடை போர்த்தினால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வேன்.

ஹெட்போன் பற்றி ஒன்று. காதை அடைக்கும் வகை வேண்டவே வேண்டாம். சாந்தோம் சாலையில் அந்த நேரத்திலும் தண்ணீர் லாரி வரும். கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகைதான் நான் வைத்திருப்பது. இணையத்தில் வாங்கிய முதல் ஜோடி மூன்றே வாரத்தில் வியர்வை பட்டுச் செத்துப்போனது. விற்றவர், வியர்வைக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். ஓடுபவர்களுக்கு என்று விளம்பரம் செய்த பொருள் அது. இப்போதைய ஜோடியைக் கடைக்கே போய்ப் பேசி வாங்கினேன்.

போட்டிகளில் ஹெட்போன் அனுமதி உண்டா என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும். 1998இல் பர்மிங்ஹாமில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி உள்ளரங்கு 2000 மீட்டரில் உலக சாதனை படைத்தபோது, தன் தாளத்துக்கு ஏற்ற பாட்டை அரங்க ஒலிபெருக்கியிலேயே ஒலிக்க வைத்தார். எனக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. நான் போன வருடம் ஓடிய ஒரு பந்தயத்தில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் வேறு வேறு வேகத்தில் பாட்டு அலறியது. ஏற்பாட்டாளர்களுக்கு நல்ல எண்ணம்தான். கால்கள் என்ன பாடுபடும் என்று ஒருவராவது ஓடிப் பார்த்திருக்க வேண்டாமா?

இன்னும் பிடிபடாதது பாலம். திரும்பி வரும்போது, 17ஆவது கிலோமீட்டரில், திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் ஐந்து போதவில்லை. அங்கே மூன்று எண்ணிக்கையான திஸ்ரத்துக்கு மாற வேண்டும்: இரண்டுக்கு உள்ளே, ஒன்றுக்கு வெளியே. மூன்றும் ஒற்றைப்படைதான், கால் மாறி மாறி விழும். கண்டத்திலிருந்து திஸ்ரத்துக்குத் தாவும் இடத்தில் ஒரு மூச்சு தொலைகிறது. ஞாயிறன்று பாலத்தின் நடுவில் பதினைந்து விநாடி போல எந்தத் தாளமும் இல்லாமல் ஓடினேன். மூன்று கண்டம் பதினைந்து, ஐந்து திஸ்ரமும் பதினைந்து. நடுவே ஒரு சின்னக் கோர்வை, அதாவது கணக்காகக் கோத்த சொற்கட்டு, வைத்தால் தாவல் சுலபமாகும் என்று சித்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு எண்ணிக்கையான மிஸ்ர சாபுவையும் விடப் போவதில்லை. நிமிடத்துக்கு 24 மூச்சு, செவ்வாய்க்கிழமை மெதுவோட்டத்துக்கு அளந்து தைத்தது போல இருக்கும்.

மார்கழி வேறு வருகிறது. காலையில் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு மாலையில் மூன்று மணி நேரக் கச்சேரி உட்கார்ந்தால் பின்தொடை இறுகிவிடும். இந்த வருடம் எல்லா சபாவிலும் ஓர இருக்கைதான். ஜனவரியில் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். அதற்குள் கோர்வையைக் காலில் ஏற்ற வேண்டும். நாளைக் காலை பாலத்தில் மட்டும் ஆறு முறை ஏறி இறங்கப் போகிறேன். பதிவு தயார், போனுக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.