2000 கதிர் ஏன் போதவில்லை

ஜப்பானின் தொடக்ககால நூற்பாலைகள் எங்கே சறுக்கின என்பது மில் வேலை தெரிந்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். 1880களின் தொடக்கத்தில் அரசு ஏற்பாட்டில் எழுந்த ஆலைகளுக்குத் தலா 2000 கதிர்தான் (கதிர் என்பது நூலை முறுக்கிச் சுற்றும் சுழல்தண்டு). இங்கிலாந்திலிருந்து வந்த மியூல் என்ற நூற்பு இயந்திரங்கள், பெரும்பாலும் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடின. ஆற்றில் நீர் குறைந்தால் உற்பத்தி படுத்துவிடும். ஆனால் ஃபிட்டர், மேஸ்திரி, கணக்குப்பிள்ளை சம்பளம் குறையாது.

1883-ல் ஓட்டம் தொடங்கிய ஒசாகா ஆலை 10,500 கதிருடன் நீராவியில் இறங்கியது. முதலைத் திரட்டியவர் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி. தொழில்நுட்பப் பொறுப்பு, இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரில் வேலை கற்றுவந்த யாமனோபே தாகேயோவுக்கு. விரைவிலேயே இரவு ஷிப்டும் ஓடியது. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் எண்ணெய் விளக்கு! 1886-ல் மின்விளக்கு வந்தது. தூக்கம் கெட்டு நின்ற இளம்பெண்களின் உழைப்பைச் சொல்லாமல் இந்த வளர்ச்சியைப் பேசுவது நியாயமில்லை.

அடுத்து, மியூலுக்குப் பதிலாக வந்த நூற்பு இயந்திரமான ரிங் ஃபிரேம். மியூலில் வண்டி வெளியே வந்து இழையை நீட்டி முறுக்கும், திரும்பும்போது நூலைச் சுற்றும். அதை ஓட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும். ரிங்கில் முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நிற்காமல் நடக்கும். நூல் அறுந்தால் பாபினிலிருந்து (நூல் சுற்றும் குழல்) நுனியை எடுத்து, வளையத்தில் ஓடும் சிறு கொக்கியான டிராவலரில் கோத்து, முன் ரோலரில் வரும் இழையோடு ஒட்டவேண்டும். புதிதாக வருபவரும் சீக்கிரம் பழகிவிடலாம்.

ஆனால் ரிங்கில் நூலுக்கு இழுவிசை அதிகம். ஜப்பானியப் பஞ்சு குட்டை இழை. தாங்காமல் அறுந்துகொண்டே இருக்கும். இதற்கு வழி மிக்ஸிங்கில் கிடைத்தது: மலிவான இந்தியப் பஞ்சோடு நீள இழை அமெரிக்கப் பஞ்சைக் கலந்தார்கள். கலப்பது சும்மா கொட்டிக் கிளறுவதல்ல. பேல்களை (பஞ்சுப் பொதிகளை) பிரித்து அடுக்கடுக்காகப் படுக்கையாய்ப் பரப்பி, மேலிருந்து கீழாகச் செங்குத்தாக உருவவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பிடியிலும் எல்லா ரகமும் வரும். இழை நீளம் மிக அதிகமாக வேறுபட்டால் இழையை இழுத்து நீட்டும் ரோலர்களுக்கு எவ்வளவு இடைவெளி வைப்பது என்பதில் மாட்டிக்கொள்வோம். நெருக்கி வைத்தால் நீள இழை நொறுங்கும். தள்ளி வைத்தால் குட்டை இழை பிடியின்றி மிதந்து, நூல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும். இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், இந்தக் கைப்பக்குவத்தை வாங்க முடியாது.

1893-ல் பம்பாய்க்கு நேரடிக் கப்பல் விட்டதும் இந்தியப் பஞ்சு தடையின்றி வந்தது. 1897-ல் ஜப்பானின் நூல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது.