ஊர்ச் சம்பளம்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி

சம்பளம் ஏறிவிட்டது. வருங்கால வைப்பு நிதி 4,680, அரையாண்டுத் தொழில் வரி 1,250, குழுக் காப்பீடு 570 போகக் கைக்கு வந்தது 71,500 ரூபாய். சென்னைக் கிளையில் மொத்தச் சம்பளம் 96,000. பாளையங்கோட்டைக்கு மாற்றல் கேட்டதும் 78,000 ஆக்கிவிட்டார்கள். பதவி அதே மேனேஜர்தான். மேலிடத்தில் வாங்கும் திட்டிலும் குறைவில்லை. "அங்கே செலவு கம்மிதானே சார்" என்றார் மனிதவளத் துறைக்காரர்.

இப்போது சென்னையில் பழைய இடம் காலியாம். பழைய சம்பளத்துக்கே வருகிறீர்களா, மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்கிறார்கள். சரி, ஒரு மாதம் கணக்கு எழுதிப் பார்த்துவிடுவோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அளவுக்கு இங்கே ஆரவாரம் கிடையாது. காலையிலேயே மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போய்விட்டேன். சீனி அவரைக்காய், தடியங்காய், வாழைக்காய், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பை நிறைய 310 ரூபாய். மேடவாக்கத்தில் இதே பைக்கு ஐந்நூறைத் தாண்டும். வாடகை அங்கே 19,000. பெருமாள்புரத்தில் அதைவிடப் பெரிய வீடு, முற்றத்தில் முருங்கை மரத்தோடு, 9,500. தண்ணீர் கேன் வாங்குவதில்லை. குழாயில் தாமிரபரணி வருகிறது.

மனிதவளத் துறைக்காரர் சொன்னது சரிதானோ என்று மதியம் வரை தோன்றியது.

ஆகஸ்ட் 9, சனி

மகளின் நீட் பயிற்சிக்கு இரண்டாம் தவணை கட்டினேன். சென்னையில் விசாரித்த அதே தொகை. பெட்ரோல் இங்கேயும் நூறைத் தாண்டித்தான். கைப்பேசிக்கும் இணையத்துக்கும் ஊர் பார்த்து விலை போடுவதில்லை. மின்கட்டணமும் தமிழ்நாடு முழுக்க ஒன்றே: இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் நூறு யூனிட் இலவசம். தங்கம் பவுன் 75,000-ஐத் தாண்டி நிற்கிறது. அதற்கும் ஊர் வித்தியாசம் தெரியாது.

ஆக, ஊருக்கு ஊர் மலிவது வாடகையும் காய்கறியும் மனித உழைப்பும்தான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இங்கே 1,800 கொடுக்கிறோம், சென்னையில் 3,000. என் செலவு குறைகிறது என்று நான் எழுதிக்கொள்ளும் இடத்தில் அவருடைய வரவு குறைகிறது. என் சம்பளத்தை வெட்டியவர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மேசையில் நான்கு திருமணப் பத்திரிகைகள். மனைவி பரணிலிருந்து சுருள் நோட்டை, அதாவது மொய் நோட்டை, இறக்கினாள். 2009-இல் எங்கள் கல்யாணத்தில் யார் யார் எவ்வளவு சுருள் வைத்தார்கள் என்று அப்பா தம் கையால் எழுதியது. அம்பாசமுத்திரம் பெரியப்பா வீடு: 501.

"அப்படியானால் 1,001 வைத்தால் போதாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை, உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்றைக்குப் பவுன் என்ன விலை?"

பதினோராயிரத்தை ஒட்டி இருந்தது. இன்றைக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. அப்படிப் பார்த்தால் அந்த 501 இப்போது 3,500. பணவீக்கத்துக்கு அம்மா வைத்திருக்கும் அளவுகோல், என் நிறுவனம் ஆண்டுதோறும் சம்பள உயர்வுக்கு எடுத்துக்கொள்வதைவிட நேர்மையானது. ஆனால் 3,500-இலும் அவள் நிற்கவில்லை. "மேனேஜர் என்று ஊரெல்லாம் தெரியும். ஐயாயிரத்துக்குக் குறைந்தால் அப்பா பெயர்தான் கெடும்."

சென்னையில் இருந்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி ஐந்நூறு ரூபாயை அம்மா மூலம் கொடுத்தனுப்பினால் போதும். நடுவில் கிடந்த அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் எனக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது!

ஆகஸ்ட் 23, சனி

ஸ்கூட்டருக்கு டயர். 1,650.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் வேண்டாம் என்று வாடகைக் கார். பந்தியில் சொதியும் இஞ்சித் துவையலும் நன்றாக இருந்தன. சுருள் எழுதுகிற மேசையில் இருந்த அண்ணாச்சி என் பெயரோடு "மேனேஜர்" என்றும் சேர்த்து எழுதினார். 5,001. மற்ற மூன்று வீடுகளுக்கு வைத்ததையும் சேர்த்தால் மொத்தம் 10,004.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கணக்கு. சம்பளத்தில் குறைந்தது 18,000. அதில் வைப்பு நிதிப் பிடித்தம் 1,080 குறைவதால் கைக்குக் குறைவது 16,920. ஆனால் நிறுவனம் போடுகிற பங்கும் அதே 1,080 குறைகிறது. அந்த இழப்பு ஓய்வுபெறும்போதுதான் உறைக்கும். மிச்சமாவது: வாடகையில் 9,500, காய்கறி, தண்ணீர், வீட்டு வேலை சேர்த்து 3,500. மொத்தம் 13,000. சாதாரண மாதத்திலேயே 3,920 துண்டு விழுகிறது. ஆவணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அத்தையைப் பார்க்க மாதம் ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் வருவீர்களே, அது எங்கே?" எழுதவில்லை. எழுதினேன்; துண்டு பாதியாகக் குறைந்தது.

அம்மாவுக்கு வேறொரு குறை. "சுருளை ஏன் செலவில் எழுதியிருக்கிறாய்? பேத்தி கல்யாணத்தில் திரும்பி வருகிற பணம் அது."

சென்னைக்கு வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நோட்டில் 10,004-ஐ அடித்து, 'வரவேண்டியது' என்று தனியாக ஒரு பத்தி போட்டு எழுதினேன். மனைவி அதையும் பார்த்துவிட்டு, "வட்டி எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" என்றாள்.